முதல் பிஸ்டல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து கைத்துப்பாக்கி பற்றிக் கொஞ்ச நாளாகவே கேள்விகள் வருகின்றன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

டல்லாஸ் வாசகர்: கிரீன் கார்டு வந்துவிட்டது. வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு 9 எம்எம் பிஸ்டல் வாங்கலாம் என்று இருக்கிறேன். கிளாக் 19, சிக் பி320, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?

மூன்றுமே போலீஸோ ராணுவமோ வருடக்கணக்கில் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்த ரகங்கள். அதனால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடையில் துப்பாக்கி காலியாக இருப்பதை முதலில் நீங்களே உறுதி செய்துகொண்டு கையில் வாங்குங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் இருக்கும் வளைவு, பிடியின் பின்பக்கம் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே போய் ஒட்டி உட்கார வேண்டும். அப்படிப் பிடித்தபடியே ஆள்காட்டிவிரலை நீட்டினால் அதன் முதல் கணுவின் சதை டிரிக்கர் மேல் படிய வேண்டும். நுனிதான் எட்டுகிறது என்றால் பிடி உங்களுக்குப் பெரிது. எட்டாததை எட்டவைக்கக் கையைச் சுழற்றிப் பிடிப்பீர்கள், சுடும்போது குண்டு பக்கவாட்டில் போகும், அப்புறம் துப்பாக்கி சரியில்லை என்று தோன்றும்.

பிடி பாலிமரில், அதாவது உறுதியான ஒருவகை பிளாஸ்டிக்கில் செய்த பிஸ்டலில் இதற்கு வழி இருக்கிறது. எம் அண்ட் பி-யில் பிடியின் பின்பக்கத் துண்டுகள் பல அளவுகளில் பெட்டியோடு வரும். கிளாக்கிலும் 2010-இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து அப்படித்தான். பி320 இன்னும் ஒரு படி மேலே போகிறது: சட்டப்படி துப்பாக்கி என்று கணக்கில் வருவது உள்ளே இருக்கும், வரிசை எண் பொறித்த உலோகப் பகுதிதான், வெளியே இருக்கும் பாலிமர் பிடியைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்லைடை, அதாவது குழலை மூடி மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதியை, பின்னால் இழுப்பதுதான் பலருக்குக் கஷ்டம். இரண்டு விரலால் கிள்ளி இழுக்காதீர்கள். இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து கவ்விப் பிடித்துக்கொண்டு, வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள், சட்டென்று வந்துவிடும். உங்கள் மனைவியும் பயன்படுத்துவார் என்றால் அவரும் கடைக்கு வந்து இதைச் செய்து பார்க்க வேண்டும். மணிக்கட்டில் வலு குறைந்தவர்களுக்கென்றே ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஇசட் வரிசையில் ஸ்லைடு லேசாக இழுபடும்படி வைத்திருக்கிறார்கள்.

பெண்கள் என்றாலே சின்னத் துப்பாக்கியைக் கையில் கொடுப்பது கடைக்காரர்கள் பலருக்கும் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 2018-இல் வந்த சிக் பி365 மாதிரியான குட்டி ரகங்கள் சட்டைக்குள் மறைக்க வசதியானவை, எடை சுமார் அரைக் கிலோ. அதே 9 எம்எம் தோட்டா அவ்வளவு லேசான உடம்பிலிருந்து புறப்படும்போது கையை நன்றாகவே உதறும். இரண்டு பெட்டி தோட்டா சுட்டதும் வலிக்கிறது என்று பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். வீட்டில் வைக்கத்தானே கேட்கிறீர்கள்? கிளாக் 19 அளவோ அதற்கு மேலோ பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னால் வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்ச் (சுடும் பயிற்சிக் கூடம்) ஒன்றுக்குப் போய் மூன்றையும் சுட்டுப் பாருங்கள். அதற்குச் செலவாகும் டாலர் வீண் இல்லை. பட்ஜெட் போடும்போது பிஸ்டல் விலையோடு பயிற்சி வகுப்பு, தோட்டா, பூட்டுப் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள்.

எடிசன் வாசகி: கணவர் வாங்கலாம் என்கிறார். பிளாஸ்டிக் துப்பாக்கி உடையாதா? விமான நிலைய ஸ்கேனரில்கூடத் தெரியாதாமே?

பாலிமர் என்பது கீழே இருக்கும் சட்டகமும் பிடியும் மட்டும்தான். குழல், ஸ்லைடு, ஸ்லைடு ஓடுகிற தண்டவாளம் எல்லாம் எஃகு. 1970-இல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் இந்த முறையில் விபி70 என்ற பிஸ்டலைக் கொண்டுவந்தது, பெரிதாக ஓடவில்லை. திரைச்சீலைக் கம்பியும் ராணுவத்துக்குக் கத்தியும் செய்துகொண்டிருந்த ஆஸ்திரியாக்காரர் காஸ்டன் கிளாக் செய்த கிளாக் 17-ஐ 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் உலகமே இந்தப் பக்கம் திரும்பியது. முழுக்க எஃகால் ஆன பழைய 1911 பிஸ்டல் காலியாகவே ஒரு கிலோவைத் தாண்டும், கிளாக் 17 அறுநூற்றுச் சொச்சம் கிராம்தான். நாற்பது வருடத்துக்கு மேல் அடிபட்டுத் தேறிய பொருள், உடையுமோ என்ற பயம் வேண்டாம்.

ஸ்கேனர் கதை எண்பதுகளில் கிளம்பியது. அந்தப் பரபரப்பில் 1988-இல் ஒரு சட்டமே வந்தது, உலோகம் காட்டும் கருவிக்குத் தெரியாத துப்பாக்கியைச் செய்யவும் விற்கவும் அது தடை போட்டது. கிளாக்கில் இருக்கும் எஃகே அந்தச் சட்டம் கேட்கும் உலோக அளவைப்போலப் பல மடங்கு.

உங்கள் நியூஜெர்சி மாநிலத்தில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும், மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில், 10 தோட்டாதான் உச்சவரம்பு. டெக்சாஸ் நண்பர் சொல்வதைக் கேட்டு 15 தோட்டா மேகசினை வாங்கி வந்துவிடப் போகிறார், சொல்லி வையுங்கள்.

ஃபீனிக்ஸ் வாசகர்: எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியுமா?

பொதுவாக முடியாது. உங்கள் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடையில் வரும். சிட்டிசன் நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், அது இரண்டு பேரையும் ஜெயிலுக்கு அனுப்பும் குற்றம்.

ஆஸ்டின் வாசகி: இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. சேஃப்டி பட்டன் உள்ள மாடல் வாங்கினால் போதுமா?

போதாது. பட்டன் பெரியவர்களுக்கானது, பிள்ளை அதைத் தட்டிவிட ஒரு நொடி ஆகாது. கிளாக்கில் அந்தப் பட்டனே கிடையாது, டிரிக்கர் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதையும் சேர்த்து அழுத்தினால்தான் வெடிக்கும். பிள்ளையின் விரலும் அதை அழுத்தும். கையில் இல்லாத நேரமெல்லாம் பிஸ்டல் பூட்டிய இரும்புப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். அலமாரி மேல்தட்டு, தலையணை அடி, கைப்பை எதுவும் பூட்டுக்கு ஈடாகாது. உங்கள் டெக்சாஸ் மாநிலத்தில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி கிடைக்கும்படி விட்டாலே குற்றம்.

சுத்தம் செய்யும்போதும் கவனம். கிளாக்கைப் பிரிக்க டிரிக்கரை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். மேகசினைக் கழற்றியதோடு விட்டால் குழலுக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்தே இருக்கும். ஸ்லைடை இழுத்துக் கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். எம் அண்ட் பி-யையும் பி320-யையும் டிரிக்கரைத் தொடாமல் பிரிக்கலாம். பழைய பி320 கைமாற்றாக வந்தால், கீழே விழுந்தால் வெடிக்கும் குறைக்காக 2017-இல் கம்பெனி அறிவித்த மாற்றம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். டிரிக்கரைத் தொடாமலே வெடித்தது என்று அந்த மாடல் மேல் பல வழக்குகளும் உண்டு, கம்பெனி மறுக்கிறது. வேறு நல்ல மாடல்கள் இருக்கும்போது பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சான் ஹோசே வாசகர்: வேலை போய்விட்டது, தூக்கமே வருவதில்லை. பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து துப்பாக்கி வாங்க நினைக்கிறேன், மனைவி வேண்டாம் என்கிறார்.

மனைவி பக்கம்தான் நான். உங்கள் கலிஃபோர்னியாவிலேயே இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது மற்ற ஆண்களைவிட ஏறக்குறைய 8 மடங்கு என்றும் பெண்களில் 35 மடங்கு என்றும் கண்டது. வேலை, தூக்கம் இரண்டும் போயிருக்கும் நேரத்தில் அந்தப் பொருள் வீட்டுக்குள் வரவே வேண்டாம். கதவுக்கு நல்ல பூட்டும் வெளிச்சமும் கேமராவும் போடுங்கள். தூக்கத்துக்கு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். மனசு ரொம்பக் கனத்தால் ராத்திரி எந்த நேரமானாலும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழையுங்கள். எனக்கும் மறுபடி எழுதுங்கள்.

ஹூஸ்டன் வாசகர்: மதுரைக்குத் திரும்பப் போகிறோம். பிஸ்டலைக் கொண்டுவரலாமா?

முடியாது, அங்கேயே முறைப்படி விற்றுவிட்டு வாருங்கள். 9 எம்எம் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம், உரிமம் வாங்குகிறவர்களுக்கும் வழக்கமாகக் கிடைப்பது .32 (அங்குலக் கணக்கு) போன்ற தோட்டா ரகங்கள்தான். இன்னொரு விஷயம்: ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையில் துணி அடுக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஓரப் பாக்கெட்டில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, பயணம் அதோடு நின்றுவிடும். அந்தப் பையையும் பிஸ்டலோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.