கிரீன் மேட் சந்தேகங்கள்: மாணவர்கள் கேட்டதும் என் பதில்களும்

அண்ணா, ஏன் பச்சைத் துணி? சிவப்பு கட்டினால் என்ன? (பிளஸ் டூ மாணவர்)

தம்பி, கிரீன் மேட் என்பது ஆளுக்குப் பின்னால் கட்டும் பச்சைத் துணி. எடிட்டிங்கில் அந்த நிறத்தை மட்டும் நீக்கி வேறு பின்னணி வைப்போம்; அதைத்தான் கீ போடுவது என்கிறோம். எந்த நிறத் தோலிலும் சிவப்பு தூக்கலாக இருக்கும். சிவப்பை நீக்கச் சொன்னால் முகமும் சேர்ந்து போய்விடும். பச்சைக்கு இன்னொரு பலமும் உண்டு. பெரும்பாலான கேமரா சென்சார்களில் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சைக்கானவை. சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொன்றுதான். அதனால் பச்சைதான் கூடுதல் தெளிவாகப் பதிவாகும்.

பரதம் ஆடும் தோழிக்குப் பச்சைப் புடவை. என்ன செய்ய?

நீலத் துணி கட்டுங்கள். புடவையில் நீலக் கரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இருந்தால் அதுவும் மறைந்துவிடும்.

சார், போனில் எடுத்தோம். கீ போட்டால் முடியோரம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. நல்ல சாஃப்ட்வேர் சொல்லுங்கள். (விஸ்காம் இரண்டாம் ஆண்டு)

உங்கள் சாஃப்ட்வேரில் தவறில்லை. போன் வீடியோவில் வெளிச்சம் முழு அளவில் பதிவாகும்; நிறம் கால் பங்குதான். 1920×1080 படத்தில் நிறத் தகவல் 960×540 அளவே இருக்கும். கீ போடுவது அந்த நிறத்தை நம்பித்தானே, அதனால்தான் முடி இழை சிதைகிறது. 4கே-யில் (அகலமும் உயரமும் இதைப் போல் இரண்டு மடங்கு) எடுத்து 1080-க்குச் சுருக்குங்கள், நிறமும் ஏறக்குறைய முழு அளவில் கிடைத்துவிடும். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (வெள்ளை வெள்ளையாகத் தெரியவைக்கும் நிறச் சமன்) லாக் செய்யுங்கள். ஷாட் நடுவே அவை மாறினால் துணியின் பச்சையும் மாறும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்ற சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பே போதும்.

கன்னத்திலும் தோளிலும் பச்சை அடிக்கிறது.

ஆள் துணியை ஒட்டி நிற்கிறார். குறைந்தது ஆறடி முன்னால் கொண்டுவாருங்கள். நிழல் துணியில் விழுவதும் அதோடு நின்றுவிடும். மிச்சப் பச்சையை எடிட்டிங்கில் ஸ்பில் சப்ரஷனில் (ஆள் மேல் படிந்த பச்சையைக் குறைக்கும் வசதி) எடுக்கலாம். அளவு மீறினால் முகம் செத்துப்போகும்.

எங்களிடம் இரண்டே லைட். ஆளுக்கா, துணிக்கா?

இரண்டையும் துணிக்கே கொடுங்கள், இரு பக்கமும் ஒன்று. ஆளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். துணி எங்கும் ஒரே பச்சையாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பளபளக்கும் சாட்டின் வேண்டாம். காட்டன் வாங்கி, இஸ்திரி போட்டு, இழுத்துக் கட்டுங்கள்.

கையை வேகமாக வீசினால் விரல்கள் கரைகின்றன.

விரலின் மங்கலோடு பச்சை கலந்துவிடுகிறது. ஷட்டரை (ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடியிலிருந்து 1/100-க்கு மாற்றுங்கள், மங்கல் குறையும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு மினுக்கமும் பெரும்பாலும் வராது.

கீ சுத்தமாக வருகிறது. ஆனாலும் ஆள் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறார். பின்னணி, காலை நேர மெரினா.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பின்னணியை முதலில் எடுங்கள், ஆளைப் பிறகு. காலையில் கடலைப் பார்த்து கேமரா வைத்தால் சூரியன் எதிரே இருக்கும். அங்கே நிற்பவருக்கு முடியிலும் தோளிலும் வெளிச்ச விளிம்பு விழும், முகம் சற்று இருட்டாக இருக்கும். நீங்கள் முகத்துக்கு நேரே லைட் அடித்திருப்பீர்கள். கண் அந்தப் பொய்யை உடனே கண்டுபிடிக்கும். மெரினாவில் கேமரா எத்தனை அடி உயரத்தில் இருந்தது, எந்த லென்ஸ், சூரியன் எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதிவந்து, கிரீன் மேட் முன்னாலும் அப்படியே அமையுங்கள். ஆளுக்குப் பின்னால், பக்கவாட்டில், ஒரு லைட்டை உயரமாக வைத்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.