.22 பிஸ்டலில் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு ஸ்லைடில் (முன்னும் பின்னும் நகரும் மேல் பாகம்) சிக்கிக்கொண்டே இருக்கிறது, துப்பாக்கி பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை, தோட்டாதான் காரணம். ஆனால் முதலில் பாதுகாப்பு: குழல் இலக்கு பக்கமே இருக்கட்டும், விரலை ட்ரிக்கரில் இருந்து எடுத்துவிட்டு, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, அப்புறம் ஸ்லைடை இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். ட்ரிக்கரை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலை அப்படியே இலக்கு பக்கம் பிடித்தபடி 30 நொடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக வந்தால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம், அதன் பின்னால் இன்னொன்று போனால் குழலே வீங்கிவிடும்.

சரி, தோட்டா. இந்த வகை பிஸ்டலில் கூடு பின்னுக்குத் தள்ளும் வேகத்தில்தான் ஸ்லைடு நகர்கிறது, உந்துதல் குறைந்தால் அது பாதியில் திரும்பி, வெளியேறும் கூட்டைக் கவ்விக்கொள்ளும். நொடிக்கு 1070 அடி வேகத் தோட்டா போதாமல், சுமார் 1235 அடி போகும் சி.சி.ஐ. மினி-மேக் என்ற பிராண்டு தோட்டாவில் ஒழுங்காக ஓடும் பிஸ்டல்கள் நிறைய உண்டு. கையேடு அனுமதிக்கும் வேகத்துக்குள் இரண்டு மூன்று பிராண்டு வாங்கிப் பாருங்கள். அதற்கு முன் அறையைச் சுத்தம் செய்யுங்கள், .22 தோட்டாவின் மெழுகும் கரியும் அங்கேதான் அப்பிக்கொள்ளும்.