ஆப் கம்பெனிகளே ஆதரித்துக் கொண்டுவந்த அமெரிக்கச் சட்டத்தில் ஆப்பில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியில் 120% உத்தரவாதம் உண்டாமே, அது இங்கேயும் வந்தால் நல்லதுதானே?

நாகர்கோவிலில் டெலிவரி ஓட்டுகிறவன் என்பதால் எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: 120% சரி, எந்த நேரத்துக்கு?

நீங்கள் கேட்பது கலிபோர்னியாவில் மக்கள் வாக்கெடுப்பு மூலம் வந்த ப்ரொபொசிஷன் 22 என்ற சட்டம். 2019ல் அந்த மாநிலம் ஏபி5 என்று ஒரு சட்டம் போட்டது, அதன்படி பார்த்தால் ஊபர், லிஃப்ட் போன்ற டாக்ஸி ஆப்களின் ஓட்டுநர்களை ஊழியர்களாகவே நடத்த வேண்டியிருந்திருக்கும். உடனே கம்பெனிகள் சேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் இறக்கி, 2020 நவம்பர் வாக்கெடுப்பில் சுமார் 58% ஓட்டு வாங்கி, தங்களுக்கு மட்டும் விலக்கு எடுத்துக்கொண்டார்கள். 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. சட்டசபை அதைத் திருத்த வேண்டுமென்றால் எட்டில் ஏழு பங்கு உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமாம். நடக்கிற காரியமா?

அந்த 120% ஆர்டரை ஏற்றதிலிருந்து கொடுத்து முடிக்கும் வரையிலான நேரத்துக்கு மட்டும்தான். ஒருவர் 10 மணி நேரம் லாகினில் இருந்து, அதில் 6 மணி நேரம் ஆர்டர் ஓடினால், உத்தரவாதம் 7.2 மணி நேரக் கூலிக்கு. அதாவது இருந்த நேரத்துக்குப் பார்த்தால் குறைந்தபட்சக் கூலியில் 72% தான். வண்டிச் செலவுக்குச் சட்டம் வந்தபோது வைத்தது மைலுக்கு 30 சென்ட், அதுவும் ஆர்டர் ஓடும் தூரத்துக்கு மட்டும். அதே 2020ல் அமெரிக்க வரித்துறை வண்டிச் செலவாக ஏற்றுக்கொண்ட கணக்கு 57.5 சென்ட்.

வடசேரியில் பார்சல் எடுத்து ஆசாரிப்பள்ளம் தாண்டிக் கொடுத்துவிட்டு, எடவப்பாதி மழையில் வெறும் வண்டியாகத் திரும்புகிற நேரமும் பெட்ரோலும் யார் கணக்கில்? அந்தச் சட்டத்திலும் நம் கணக்கில்தான். பிரியாணிக் கடை வாசலில் பார்சலுக்கு நிற்கும் நேரம் அங்கே சேரும், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நான் ஓட்டும் ஆப்பில் அதுவும் கிடையாது, எவ்வளவு நேரம் நின்றாலும் ஆர்டருக்கு இவ்வளவு என்பதோடு சரி.

இந்தியாவில் 2020ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆப் கம்பெனி ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2% வரை தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும், ஆனால் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5%க்கு மேல் போகாது. இது காப்பீடு மாதிரியான விஷயங்களுக்கு. மணிக்கு இவ்வளவு கூலி என்று அதில் எதுவும் இல்லை.

காப்பி அடிப்பதென்றால் நான் நியூயார்க் நகரத்தைப் பார்த்து அடிக்கச் சொல்வேன். 2023ல் சாப்பாட்டு டெலிவரிக்கு மணிக்கு 17.96 டாலர் என்று நிர்ணயித்தபோது ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தார்கள். கம்பெனிகள் விட்டுவிடுமா, யார் எப்போது லாகின் செய்யலாம் என்பதில் கட்டுப்பாடு வைத்தன. அப்படியும் கலிபோர்னியா கணக்கைவிட இதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

அப்புறம், நம்ம ஊர் தம்பிமார் யாராவது தமிழ்நாடு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நலவாரியத்தில் (ஆப் வழியே வேலை செய்யும் நம்மைப் போன்றவர்களுக்கானது) இன்னும் பதியாமல் இருந்தால் பதிந்துவிடுங்கள். 2025-26 பட்ஜெட்டில் சொன்ன 20,000 ரூபாய் மின் ஸ்கூட்டர் மானியம் வாரியத்தில் பதிந்தவர்களுக்குத்தான், அதுவும் மாநிலம் முழுக்க 2,000 பேருக்கு மட்டும்.