அந்த 22 சதவீதம் அனாமத்துக் கணக்கு

கேள்வி: கானாடுகாத்தானில் முன்னிரவு நேரம் அப்பச்சியும் நானும் மொட்டை மாடியில் இருந்தபோது, வரிசையாகப் பல விளக்குகள் சத்தமில்லாமல் வானத்தைக் கடந்தன. தெரிந்தவர் ஒருவர், “வானத்தில் இப்படிப் பார்த்ததாக வந்த தகவல்களில் 22 சதவீதம் வேற்றுக்கிரகத் தட்டுதான் என்று அமெரிக்க அரசே சொல்லியிருக்கிறது. 5,000 ரூபாய் கொடுங்கள், அவர்களுடைய ‘புளூ புக்’ திட்டத்தில் பதிவு செய்து சான்றிதழ் வாங்கித் தருகிறேன்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் ‘புளூ புக்’, பறக்கும் தட்டுத் தகவல்களை விசாரித்த திட்டம்; அதை நடத்திய அமெரிக்க விமானப்படை 1969-லேயே மூடிவிட்டது. பழைய கோப்புகள் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். இலவசமாகக் கிடைக்கும் காகிதத்தை அச்சடித்து விற்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் ஒரு தொகை கேட்பார்கள், அப்புறம் ‘மேல்விசாரணை’ என்று இன்னொரு தொகை.

22 சதவீதம் பொய்யில்லை. விமானப்படைக்காக பேட்டெல் (Battelle) என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் 3,201 தகவல்களைத் துளையட்டையில் (அந்தக் காலத்துக் கணக்கு இயந்திரம் படிக்கும் அட்டை) ஏற்றி ஆராய்ந்தது. 1955-ல் வெளிவந்த அந்த அறிக்கையில் சுமார் 22 சதவீதம் ‘தெரியாதவை’. செட்டிநாட்டில் கணக்கு எழுதியவர்களுக்கு இது உடனே புரியும்: அனாமத்து. எந்தப் பற்றில் எழுதுவதென்று தெரியாததை அங்கே வைப்போம். அதை லாபத்தில் சேர்த்து ஐந்தொகை போட யாரும் துணியமாட்டார்கள். உங்களவர் அதைத்தான் செய்கிறார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. விவரம் கூடக் கூட அனாமத்து குறைய வேண்டும். இங்கே தலைகீழ்: மிகத் தரமான தகவல்களில் சுமார் 35 சதவீதம் தெரியாதவை, மட்டமானவற்றில் 18-தான். இது உறுத்தலான விஷயம், நானே பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். ஆனால் தரம் என்று மதிப்பெண் போட்டதில் சாட்சியின் நம்பகமும் சேர்ந்திருக்கிறது. நல்ல சாட்சி சொன்னதைத் ‘தெரியாதது’ என்று எழுத மனம் எளிதில் இசையும். அதனால் அந்த 35-ஐ ஒதுக்கவும் முடியாது, வேற்றுக்கிரகத்துக்குச் சான்றாக நீட்டவும் முடியாது.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும், இணையச் சேவைக்காகக் கூட்டமாக ஏவும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஏவிய சில நாட்கள் இப்படிக் கோத்த மணி போலத்தான் போகும்.

பிரான்சில் 1977 முதல் விண்வெளி நிறுவனமே அலுவலகம் வைத்து, வானத்தில் புரியாததைப் பார்த்தவர்களின் தகவல்களை விசாரிக்கிறது. இங்கே மனிதர்கள் கேட்க இடமில்லாமல் தரகரிடம் போகிறார்கள். இங்கேயும் அப்படி ஓர் இடம் வேண்டுமென்று எத்தனை வருஷமாகச் சொல்லியாயிற்று!

சரி, இன்றே தேதி, நேரம், திசை, எத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள். அப்பச்சி தனியாக எழுதட்டும். எழுதி முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்க வேண்டாம்.