குருவானவரின் அதிகாரம் எதுவரை? தோட்டப்புறச் சபை ஒன்றின் கேள்விகள்

பேராக்கில் ஒரு தோட்டப்புற டவுனிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சுருக்கம் இது:

"எங்கள் ஆங்கிலிக்கன் சபையில் இப்போது இருபது குடும்பம்கூட இல்லை. தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோதே பாதிப் பேர் கிள்ளான், ஷா ஆலம் பக்கம் போய்விட்டார்கள். எங்களுக்கென்று தனிக் குருவானவர் கிடையாது. பெரிய டவுனில் இருக்கும் ஐயாதான் மாதத்தில் இரண்டு ஞாயிறு வருகிறார். மற்ற ஞாயிறுகளில் குருப்பட்டம் இல்லாத லே ரீடர் அண்ணன் ஆராதனை நடத்துகிறார். அவரே திருவிருந்தும் கொடுத்துவிட்டால் என்ன என்று வயதானவர்கள் கேட்கிறார்கள். போன மாதம் என் பேத்திக்கு ஞானஸ்நானம் கேட்டோம். மகனும் மருமகளும் கோயிலுக்கு வருவதில்லை, அதனால் முடியாது என்றுவிட்டார் ஐயா. காலைத் தமிழ் ஆராதனையை யாரையும் கேட்காமல் மாலைக்கு மாற்றினார். காணிக்கைப் பணமும் அவர் கையில்தான். நான் சபை நிர்வாகத்தைக் கவனிக்க மக்கள் தேர்ந்தெடுத்த வார்டன். கேட்டால், 'இதெல்லாம் குருவானவரின் அதிகாரம்' என்கிறார். உண்மையில் அவருக்கு எதில் அதிகாரம்? நாங்கள் யாரிடம் போவது?"

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது நாலு விஷயம். நாலிலும் ஐயாவின் அதிகாரம் ஒரே அளவு கிடையாது. ஒன்றில் அவர் சொல்வதுதான் சரி. ஒன்றில் அவர் தனியாக முடிவெடுக்கவே கூடாது. இன்னொன்றில் அவர் சொன்ன 'முடியாது' கடைசி வார்த்தை ஆகாது. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு விட்டுக்கொடுப்பது, எதற்கு உறுதியாக நிற்பது என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஆங்கிலிக்கன் மரபில் பேராயர், குருவானவர், டீக்கன் என்று மூன்று நிலைகள். ஒரு பாரிஷில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தில், உள்ள ஆத்துமாக்களைப் பராமரிக்கும் பொறுப்பு அடிப்படையில் பேராயருடையது. அதைத்தான் அவர் குருவானவரோடு பகிர்ந்துகொள்கிறார். இங்கிலாந்தில் புதிய குருவானவரைப் பாரிஷ் பொறுப்பில் அமர்த்தும்போது, "ஆத்துமாக்களின் பராமரிப்பை ஏற்றுக்கொள், அது உன்னுடையதும் என்னுடையதும்" என்று பேராயர் சொல்வது பழைய வழக்கம். குருவானவர் பேராயரின் உரிமம் பெற்றுத்தான் ஊழியம் செய்கிறார். ஆகவே அவர் எதைச் செய்தாலும், எதை மறுத்தாலும், பேராயருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். 'இது என் அதிகாரம்' என்ற பேச்சு அங்கேயே நின்றுவிட முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு மலேசியா 1970-ல் தனி டயோசிஸ், அதாவது ஒரு பேராயரின் கீழ் உள்ள மண்டலம், ஆனது. 1996-லிருந்து கூச்சிங், சபா, சிங்கப்பூர் டயோசிஸ்களோடு சேர்ந்து தென்கிழக்கு ஆசிய மாகாணத்தில் இருக்கிறது. நமக்கென்று சொந்தச் சட்டவிதிகள் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் விதிகள் இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் உலகெங்கும் உள்ள ஆங்கிலிக்கன் சபைகளுக்குப் பொதுச் சொத்து. அதிலுள்ள குறிப்புகளைப் பார்த்தாலே மரபு எந்தப் பக்கம் நிற்கிறது என்று புரியும். வார்டன் என்ற முறையில் டயோசிஸ் சட்டவிதிகளின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் டயோசிஸ் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

சரி, திருவிருந்துக்கு வருவோம். லே ரீடர் அண்ணன் திருவிருந்து நடத்த முடியாது. இதில் ஐயா பக்கம்தான் நியாயம். அப்பத்தையும் ரசத்தையும் அர்ப்பணிக்கும் ஜெபத்தைக் குருப்பட்டம் பெற்றவர் மட்டுமே சொல்லலாம். டீக்கனுக்குக்கூட அந்த அனுமதி இல்லை. முறையாக அழைக்கப்பட்டு அனுப்பப்படாதவர் சபையில் பிரசங்கிக்கவோ சாக்கிரமெந்து நடத்தவோ கூடாது என்று ஆங்கிலிக்கன் விசுவாசத்தைத் தொகுத்துச் சொல்லும் 39 மதக் கோட்பாடுகளில் 23-ஆவது சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி டயோசிஸின் பேரவையான சினோடு, குருப்பட்டம் இல்லாதவர்களும் திருவிருந்து நடத்தலாம் என்று 1999-ல் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கிருந்த பேராயரே சம்மதிக்க மறுத்துவிட்டார். அவ்வளவு உறுதியாகக் காக்கப்படும் எல்லை இது.

ஆனால் ஐயா வராத ஞாயிறு வெறும் ஞாயிறு ஆகிவிடாது. பேராயரின் உரிமம் உள்ள லே ரீடர் காலை ஜெபம், மாலை ஜெபம், லித்தானியா எல்லாம் நடத்தலாம். உரிமத்தில் இருந்தால் பிரசங்கமும் செய்யலாம். குருவானவர் சொல்லும் பாவமன்னிப்பு வாசகத்தை மட்டும் அவர் சொல்லக் கூடாது. அதற்குப் பதிலாக, மன்னிப்பையும் சமாதானத்தையும் வேண்டும் ஜெபம் ஒன்றைச் சொல்வது வழக்கம். திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 21-ஆம் ஞாயிறுக்குரிய ஜெபம் அது. ஆசீர்வாதத்தையும் 'உங்களோடு' என்று கை தூக்கிச் சொல்லாமல் 'நம் அனைவரோடும்' என்று முடிப்பார்.

வயதானவர்களின் ஏக்கத்துக்கு வேறு வழி உண்டு. குருவானவர் ஏற்கெனவே அர்ப்பணித்த அப்பத்தையும் ரசத்தையும், பேராயரின் அனுமதி பெற்ற ஒருவர் நோயாளிகளுக்கும் கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும் முறை பல டயோசிஸ்களில் இருக்கிறது. உங்கள் சபைக்கு இதைச் செய்யலாமா என்று ஐயாவிடம் நேராகக் கேளுங்கள், அவரைப் பேராயரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆள் குறைவு என்று திருவிருந்தே இல்லாமல் போகும் பயமும் வேண்டாம். பாரிஷில் பங்குபெறத் தகுந்தவர்கள் 20 பேருக்கு மேல் இல்லாவிட்டாலும், குருவானவரோடு குறைந்தது 3 பேர் பங்கெடுத்தால் போதும் என்கிறது ஜெபப் புத்தகம். தோட்டத்துச் சின்னச் சபைக்கென்றே எழுதி வைத்ததுபோல இருக்கிறது அந்த வரி.

ஐயாமேல் வருத்தம் என்பதற்காக யாராவது திருவிருந்துக்கு வராமல் இருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடச் சொல்லுங்கள். ஊழியரின் தகுதிக் குறைவு சாக்கிரமெந்தின் பலனைக் கெடுக்காது என்று 26-ஆவது கோட்பாடு தெளிவாகச் சொல்கிறது. அவர் கையிலிருந்து வாங்கினாலும் கொடுப்பவர் கிறிஸ்துதான்.

இப்போது பேத்தியின் ஞானஸ்நானம். உங்கள் கடிதத்தில் என் மனதை அதிகம் தொட்டது இதுதான். இதில் ஐயா செய்தது சரியில்லை என்றே நான் நினைக்கிறேன். குழந்தை ஞானஸ்நானத்தை ஆங்கிலிக்கன் மரபு வரவேற்கிறது, தாமதிக்காமல் கொண்டுவாருங்கள் என்று பெற்றோரைத் தூண்டுகிறது. பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் ஆயத்தப்படுத்த ஒரு குருவானவர் நாள் தள்ளிப்போடலாம். மறுக்கக் கூடாது. இங்கிலாந்துத் திருச்சபையின் விதியில் இது வெளிப்படையாகவே இருக்கிறது: தன் பாரிஷில் உள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர் மறுத்தாலோ, தேவையில்லாமல் தாமதித்தாலோ, பெற்றோர் பேராயரிடம் முறையிடலாம். அந்த விதி இங்கே நேரடியாகச் செல்லாவிட்டாலும், பேராயரிடம் முறையிடும் வழி எந்த ஆங்கிலிக்கன் டயோசிஸிலும் திறந்தே இருக்கிறது.

ஐயாவின் கவலையையும் தள்ளிவிட முடியாது. குழந்தையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று பெற்றோரும் ஞானப் பெற்றோரும் சபைக்கு முன்னால் வாக்குக் கொடுக்கிறார்கள். கோயில் பக்கமே வராதவர்கள் கொடுக்கும் வாக்கு என்ன ஆகும் என்று ஒரு நல்ல குருவானவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு மருந்து ஆயத்தப்படுத்துவதும் நல்ல ஞானப் பெற்றோரைத் தேடுவதும்தான். 1662 முறைப்படி பெண் குழந்தைக்கு இரண்டு ஞானத் தாய்மார், ஒரு ஞானத் தகப்பன். அந்த இடத்தில் ஞாயிறு தவறாமல் வரும் பாட்டி ஒருவர் நின்றால் யார் வேண்டாம் என்பார்? மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போய், "ஐயா, எத்தனை வாரம் வேண்டுமானாலும் வந்து உட்காருகிறோம், சொல்லிக்கொடுங்கள்" என்று கேளுங்கள். அதற்கும் முடியாது என்றால் பேராயருக்கு எழுத உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

ஒருவேளை குழந்தைக்கு உயிராபத்து நேர்ந்தால், கடவுள் காக்கட்டும், யாருக்கும் காத்திருக்க வேண்டாம். தலையில் தண்ணீர் ஊற்றி, "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று எந்த விசுவாசியும் சொல்லலாம். அது செல்லும். பிறகு ஐயாவிடம் தெரிவித்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும்.

மறுப்பது பற்றிப் பேசும்போது இன்னொரு குறிப்பும் நினைவுக்கு வருகிறது. ஊரறியத் தீய வாழ்க்கை நடத்துபவரைத் திருவிருந்துக்கு வராதே என்று நிறுத்தக் குருவானவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அப்படி நிறுத்தினால் 14 நாளுக்குள் பேராயருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும் என்று அதே ஜெபப் புத்தகம் கட்டளையிடுகிறது. அதிகாரம் கொடுத்த கையோடு கணக்கும் கேட்கும் மரபு இது.

ஆராதனை நேரத்தைப் பொறுத்தவரை, ஆராதனையை முறையாக நடத்தும் பொறுப்பு குருவானவருடையது. எந்த நாளில் திருவிருந்து, எந்த ஒழுங்கு, யார் பிரசங்கம் என்பதில் அவருக்குப் பெரிய பங்கு. இரண்டு மூன்று சபைக்கு ஓடும் ஒருவருக்கு எல்லா இடத்திலும் காலை எட்டு மணிக்கு நிற்க முடியாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதே சமயம், பரம்பரையாக இருக்கும் தமிழ் ஆராதனையைச் சபைக் கமிட்டியிடம் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றுவது நல்ல மேய்ப்பு இல்லை. மாலையில் பஸ் இல்லாமல் தோட்டத்திலிருந்து வர முடியாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார் யார் என்று பெயரோடு எழுதிக் கமிட்டியில் வையுங்கள். ஐயா வராத ஞாயிறுகளில் லே ரீடர் பழைய நேரத்திலேயே காலை ஜெபம் நடத்தலாமே என்றும் கேட்டுப் பாருங்கள். அநேகமாக அதில் சமாதானம் ஆகிவிடும்.

பணத்தில் சுற்றிவளைக்க வேண்டியதில்லை. குருவானவர் காணிக்கையைத் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது. குருவானவரும் வார்டன்களும் சேர்ந்து முடிவெடுத்துக் காணிக்கையைத் தர்ம காரியங்களுக்குச் செலவிட வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் பேராயர் தீர்மானிப்பார் என்பது 1662-லேயே எழுதப்பட்டது. ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சபையின் பேரில் உள்ள வங்கிக் கணக்கில் போட வேண்டும். பொருளாளர் கணக்கு எழுத வேண்டும், ஆண்டுக் கூட்டத்தில் தணிக்கை செய்த கணக்கைச் சபைக்கு வாசிக்க வேண்டும். இதைக் கேட்பது வார்டனின் கடமை. ஐயாமேல் சந்தேகம் என்று அர்த்தம் இல்லை. நாளைக்கு யாராவது அவர்மேல் வீண்பழி போட்டால் அவரைக் காப்பாற்றப்போவதும் இந்தக் கையெழுத்துகள்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தோட்டப்புறச் சபைகளில் அடிக்கடி தடுமாறுகிற விஷயம்: கல்யாணம். கோயிலில் நடக்கும் கல்யாணம் அங்கேயே சட்டப்படி பதிவாக வேண்டுமானால், குருவானவர் அரசாங்கத்தால் துணைத் திருமணப் பதிவாளராக நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். 1982 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் சொல்வது அது. எல்லாக் குருவானவருக்கும் அந்த நியமனம் தானாக வந்துவிடாது. தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், சபை பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. வீட்டில் ஒருவர் நோயாகக் கிடந்தால் பாரிஷ் குருவானவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் நோயாளிகளைச் சந்திக்கும் முறைமையே ஜெபப் புத்தகத்தில் தொடங்குகிறது. ஐயா வந்து பார்க்கவில்லை என்ற குறை பல இடங்களில் கேட்கிறது. விசாரித்தால் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு லயத்து வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று எப்படித் தெரியும்? அந்தப் பொறுப்பை வார்டன்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தெரிவித்தும் வரவில்லை என்றால் அது வேறு பேச்சு.

கடைசியாக, யாரிடம் போவது. குருவானவரைச் சபை ஓட்டுப் போட்டு நீக்க முடியாது. அவரை அனுப்பியது பேராயர், மாற்ற வேண்டியதும் அவர்தான். உங்கள் கடிதத்தைப் படித்தால் நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை என்றே தோன்றுகிறது. முதலில் இரண்டு வார்டன்களும் சேர்ந்து ஐயாவைத் தனியாகப் பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த பரபரப்பில் வேண்டாம், வார நாளில் அவர் வீட்டுக்கே போங்கள். பேசியதைத் தேதியோடு குறித்து வையுங்கள். நேரமும் பணமும் கமிட்டிக் கூட்டத்தில் வந்து குறிப்பேட்டில் ஏற வேண்டும். அங்கே தீரவில்லை என்றால் பேராயருக்குக் கீழே உங்கள் பகுதியைக் கவனிக்கும் ஆர்ச்டீக்கனிடம் போங்கள், அதற்குப் பிறகுதான் பேராயர். வாட்ஸ்அப் குரூப்பில் ஐயாவைப் பற்றி எழுதுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அதில் எந்தச் சபையும் பிழைத்ததை நான் பார்த்ததில்லை.

ஞானஸ்நானத்துக்கு இத்தனை படி ஏற வேண்டியதில்லை. ஆயத்த வகுப்புக்கு வருகிறோம் என்று சொல்லியும் ஐயா மறுத்தால், உங்கள் மகனும் மருமகளும் தங்கள் கையெழுத்தோடு பேராயருக்கு நேராக ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும், ஐயாவுக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலையும், ஞானப் பெற்றோராக நிற்கப்போகிற மூன்று பேரின் பெயரையும், அவர்கள் எந்தச் சபையில் திடப்படுத்தல் பெற்றவர்கள் என்பதையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள்.