ஷோரூம் போகுமுன் உங்க பார்க்கிங்கைப் பாருங்க: ஹைபிரிட், எலக்ட்ரிக் கார் கேள்வி பதில்

ராஜேஷ், தாம்பரம்: தினமும் 45 கி.மீ. ஆபீஸ், மாதம் ஒரு தடவை திருச்சி போய்வர 600 கி.மீ. ஹைபிரிடா, எலக்ட்ரிக்கா?

காரைப் பற்றி அப்புறம் பேசலாம். வண்டி நிற்கும் இடத்துக்கு உங்க ஈபி மீட்டரிலிருந்து ஒயர் இழுக்க முடியுமா? பதில் அதில்தான் இருக்கு.

25 நாள் ஆபீஸ் என்றால் மாதம் சுமார் 1,725 கி.மீ. ஸ்ட்ராங் ஹைபிரிட் (கொஞ்ச தூரம் மோட்டாரிலேயே ஓடக்கூடிய பெட்ரோல் கார்) சென்னை டிராஃபிக், ஹைவே எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 20 தந்தால், பெட்ரோல் 101 ரூபாய் என்றும் வைத்தால், கி.மீ.க்கு 5 ரூபாய், அதாவது 8,600. எலக்ட்ரிக் காருக்கு சார்ஜிங் இழப்பையும் சேர்த்து 100 கி.மீ.க்கு மீட்டரில் 16 யூனிட் ஓடும். இங்கே எல்லாரும் ஒரு தப்புக் கணக்குப் போடுவாங்க: "யூனிட் 5 ரூபாய்தானே!" இல்லை. கார் யூனிட்கள் உங்க வீட்டு உபயோகத்துக்கு மேலே, உச்ச ஸ்லாபில் போய் உட்காரும். போதாக்குறைக்கு, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாபின் மலிவு விலையும் பறிபோகும். ஆகவே 10 ரூபாய் என்று வைங்க. ஆபீஸ் ஓட்டத்துக்கு 1,800 ரூபாய். திருச்சிக்கு வீட்டில் ஒரு ஃபுல் சார்ஜ், மீதி வழியில் ஃபாஸ்ட் சார்ஜர், ஜிஎஸ்டியோடு யூனிட் 24 ரூபாய் என்றால் 1,700. மொத்தம் 3,500.

வீட்டில் சார்ஜ் பண்ண வழியில்லை, எல்லாமே வெளியில்தான் என்றால் அதே ஓட்டத்துக்கு 6,600 ரூபாய் ஆகும். 2,000 ரூபாய் மிச்சத்துக்காக வாரம் இரண்டு தடவை சார்ஜர் முன்னால் காத்துக் கிடக்கணும். அப்போ ஹைபிரிடே வாங்குங்க.

ஃபாத்திமா, நாகர்கோவில்: "ஸ்மார்ட் ஹைபிரிட்" என்று போட்ட காரும் ஹைபிரிட்தானா?

பெயரளவில். அது மைல்டு ஹைபிரிட். சின்ன மோட்டார் பெல்ட் வழியாக இன்ஜினுக்குக் கைகொடுக்கும், சிக்னலில் அணைத்து எழுப்பும். தனியாக வண்டியை நகர்த்தாது. மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டிலும் மைல்டும் உண்டு, ஸ்ட்ராங்கும் உண்டு. பழைய கார் விளம்பரத்தில் வெறும் "ஹைபிரிட்" என்று இருந்தால் கியர் லீவரைப் பாருங்க. மேனுவல் கியர் என்றால் அது மைல்டுதான்.

முத்துலட்சுமி, மதுரை: சொந்த வீடு. போர்ட்டிகோவில் 15 ஆம்பியர் பிளக் இருக்கு. சில நாள் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி ஏறவே மாட்டேங்குது. ஏறும் நாளில் பிளக் கொதிக்குது. கார் கோளாறா?

காரில் ஒன்றுமில்லை அம்மா. இரண்டு தனித்தனி பிரச்சினை.

சிவப்பு விளக்கு பெரும்பாலும் எர்த். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் ஏற்றவே ஏற்றாது. மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்க. 2, 3 வோல்ட்டுக்குள் இருக்கணும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230-க்குப் பக்கத்தில் வரணும். 150, 160 என்று காட்டினால் எர்த் கம்பி எங்கேயோ விட்டிருக்கு, இல்லை எர்த் பிட் (எர்த் புதைத்த குழி) காய்ந்திருக்கு. "சில நாள்" மட்டும் வருது என்கிறீங்களே, அது காய்ந்த பிட்டுக்கு உரிய அறிகுறி. தண்ணீர் ஊற்றிப் பார்த்து, சரியானால் புது எர்த் போட்டுவிடுங்க.

சில எலக்ட்ரீஷியன்கள் குறுக்கு வழியாக பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவாங்க. சார்ஜர் ஏமாந்து பச்சை காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்து, அப்படி ஒரு துண்டு இருந்தால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்க.

கொதிப்புக்குக் காரணம் நேரம். கீசர் இருபது நிமிஷம் இழுத்துவிட்டு நிற்கும். கார் சார்ஜர் எட்டு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். சாதா மாடுலர் சாக்கெட்டின் உள்தகடு லேசாகத் தளர்ந்திருந்தால் போதும், சூடேறி, இன்னும் தளர்ந்து, கடைசியில் உருகும். மெயின் டிபியிலிருந்து (வீட்டு ஸ்விட்ச் போர்டு பெட்டி) தனி லைன் போடுங்க: 4 சதுர மி.மீ. காப்பர் ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மிஞ்சினால் அணையும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் 'டைப் ஏ' ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணையும் ஸ்விட்ச்), முனையில் இண்டஸ்ட்ரியல் மெட்டல் கிளாட் 16 ஆம்பியர் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்க. இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் நிறுத்துங்க.

7.2 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் மாட்டும் வேகமான சார்ஜர்) வேண்டும் என்றால் ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர். 6 சதுர மி.மீ. ஒயர், ஈபியில் லோடு ஏற்றல் எல்லாம் சேரும். தினமும் 60 கி.மீ.க்குள் ஓட்டும் வீட்டுக்கு அது தேவையே இல்லை.

பிரபு, கோவை: டாடா நெக்ஸான் ஈவி ஒரு சார்ஜில் 489 கி.மீ. ஓடும் என்கிறது கம்பெனி. நண்பர் 300 என்கிறார். யார் சொல்வது சரி?

நண்பர். 489 என்பது 45 யூனிட் பேட்டரி நெக்ஸானின் சோதனைக்கூட எண். ஹைவேயில் நிதானமாக மணிக்கு 80 கி.மீ.-ல் போனால் 100 கி.மீ.க்குச் சுமார் 13 யூனிட், 100-ஐத் தாண்டினால் 16, 17. 45-ஐ வகுத்துப் பாருங்க: 340-க்கும் 265-க்கும் நடுவில் வரும். சார்ஜருக்கு 20 சதவீதம் மிச்சத்தோடு போய்ச் சேரும்படி திட்டமிடுங்க, அந்த சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்ததுக்குப் போகணுமே. 80 சதவீதத்தைத் தாண்டியதும் சார்ஜ் ஏறும் வேகம் படுத்துவிடும், பிடுங்கிக்கொண்டு கிளம்பிடுங்க.

அதே பிரபு: தினமும் 80 சதவீதம்தான் ஏற்றணுமாமே?

பேட்டரி ரகத்தைப் பொறுத்தது. டாடா கார்கள், எம்ஜி விண்ட்சர், பிஒய்டி ஆட்டோ 3, மஹிந்திரா பிஇ 6 எல்லாம் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) ரகம். வாரம் ஒரு தடவையாவது மெதுவான ஏசி (வீட்டு கரண்ட்) சார்ஜில் 100 வரை ஏற்றுங்க. இல்லாவிட்டால் சதவீதக் கணக்கு பிசகி, 12 காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று 3-க்கு விழும். ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக், எம்ஜி இசட்எஸ் ஈவி என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) ரகம். அதற்குத்தான் அந்த 80 விதி; 100 ஊருக்குக் கிளம்பும் நாளில் மட்டும்.

சுகன்யா, சேலம்: பேட்டரி வாடகைத் திட்டம் லாபமா?

விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது பேட்டரியோடு 13.50 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், கி.மீ.க்கு 3.50 ரூபாய் வாடகை. வித்தியாசம் 3.51 லட்சம். 3.5-ஆல் வகுத்தால் ஒரு லட்சம் கி.மீ. வருஷம் 20,000 ஓட்டினால் ஐந்து வருஷத்தில் சமன். அதோடு கரண்டையும் கூட்டினால் கி.மீ. 5 ரூபாய், ஹைபிரிட் செலவேதான்! ஒப்பந்தத்தில் மாதக் குறைந்தபட்ச கி.மீ. இருக்கா, பாதியில் விற்றால் யார் கட்டுவது, இந்த இரண்டையும் எழுத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

செந்தில், ஈரோடு: எலக்ட்ரிக் கார் லோன் வட்டிக்கு 1.5 லட்சம் வரிச் சலுகை உண்டு என்கிறார் சேல்ஸ்மேன்.

வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவைச் சொல்கிறார். 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான லோனுக்குத்தான். இனி எடுப்பதற்குக் கிடையாது.

நவீன், ஓசூர்: நாலு வருஷப் பழைய நெக்ஸான் ஈவி. பேட்டரியை எப்படிச் சோதிப்பது?

100 வரை ஏற்றி, டிரிப்பை ஜீரோ செய்து, 20 சதவீதம் வரை ஓட்டுங்க. 150 கி.மீ. ஓடி, சராசரி 100 கி.மீ.க்கு 13.5 யூனிட் என்று திரை காட்டினால் செலவு 20.25 யூனிட். அது 80 சதவீதம் என்றால் முழுசுக்கு 25.3. புதிதில் 30.2 யூனிட் பேட்டரி உள்ள மாடல் என்று வைங்க. ஆக, ஏறத்தாழ 84 சதவீதம். விற்பவர் அரை நாள் வண்டி தர மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்க. வாரன்டி பெயர் மாற்றத்தோடு வருமா, எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பேட்டரி மாற்றுவாங்க என்பதையும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்க.

கீதா, வேளச்சேரி: மழையில் வண்டி மூழ்கினால்?

பேட்டரி பெட்டிக்கு ஐபி67 (தூசு, தண்ணீர் தடுப்புத் தரம்) என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பட்டனை அமுக்கவோ சார்ஜரைச் சொருகவோ வேண்டாம். ஹைபிரிடில் இது இன்னும் மோசம்: பட்டனைத் தட்டியதும் இன்ஜின் தானாகவே எழுந்து தண்ணீரை உறிஞ்சி உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடை வளைத்துக்கொள்ளும். சக்கரம் தரையில் உருளாதபடி ஃபிளாட்பெட் லாரியில்தான் ஏற்றணும். எலக்ட்ரிக்குக்கு பேட்டரி கவர், ஹைபிரிடுக்கு இன்ஜின் புரொடெக்ட், இந்த ஆட்-ஆன்கள் இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கா என்று அக்டோபருக்கு முன்பே எடுத்துப் பாருங்க.