டாரட் விரிப்பு: எத்தனை அட்டை, எந்த இடம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கிறேன். மகள் இணையத்தில் வாங்கிக் கொடுத்த டாரட் அட்டைக் கட்டோடு வந்த கையேட்டில் 'கெல்டிக் கிராஸ்' எனும் பத்து அட்டை விரிப்பு மட்டுமே உள்ளது. அதை விரித்தால் ஐந்தாவது அட்டைக்குள்ளேயே எதை எதனோடு சேர்த்துப் பார்ப்பது என்று குழம்பிவிடுகிறேன். அதுவே மிகப் பழைமையான முறை என்கிறார்கள். அதைக் கற்றுத்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, சகோதரி. முதலில் பழைமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு அஞ்சித்தான் பலர் தமக்குப் பொருந்தாத விரிப்போடு மல்லுக்கட்டுகிறார்கள். டாரட் அட்டைகள் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டு விளையாட்டுக்காகத் தோன்றியவை. அவற்றை வைத்துக் குறி பார்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான் பரவியது. இன்று நம் கைக்கு வரும் கட்டுகளில் பெரும்பாலானவை 1909இல் லண்டனில் வெளியான ஒரு கட்டைப் பின்பற்றியவை. அதை வகுத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட், படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. வெயிட் தம் விளக்க நூலில் இந்தப் பத்து அட்டை முறையைப் 'பண்டைக் கெல்டிக் முறை' என்று குறிப்பிட்டதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஐரோப்பாவுக்குச் சீட்டுக்கட்டு வந்ததே 14ஆம் நூற்றாண்டில்தான் என்னும்போது, பண்டைக் கெல்டிக் மக்கள் அதை விரித்திருக்க வழியில்லை.

உங்கள் குழப்பத்திற்கான காரணத்திற்கு வருகிறேன். 'ஸ்பிரெட்' என்று சொல்லப்படும் விரிப்பு என்பது, உங்கள் கேள்வியைச் சிறு கேள்விகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் ஒதுக்கி வைப்பதே ஆகும். நான் பால்மரம் சீவியவரின் மகள். மரத்தில் சாய்வாகக் கோடு கீறிய பிறகுதான் பால் அந்தக் கோட்டின் வழியே இறங்கி மங்குக்கு வந்து சேரும் என்பதைச் சிறுவயதிலேயே கண்டிருக்கிறேன். கோடு சரியில்லாத மரத்தில் பால் பட்டையெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். விரிப்பும் அப்படித்தான். இடங்களுக்கு முதலில் பொருள் குறித்துவிட்டு, அதன்பிறகு அட்டையை எடுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற ஓர் அம்மா என்னிடம் வந்தார். தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. ஈப்போவில் இருக்கும் மகன் தன்னோடு வந்துவிடும்படி அழைக்கிறார். இவருக்கு மனம் இசையவில்லை. இருவரும் பேசி மூன்று இடங்களை ஒரு தாளில் எழுதினோம்: 'இப்போது நான் இருக்கும் நிலை', 'என்னைத் தடுப்பது', 'அடுத்து நான் செய்யத்தக்கது'. முதலிடத்தில் ஆறு வாள்கள் விழுந்தது. படகோட்டி ஒருவர் கழியூன்றித் தள்ள, போர்த்திக்கொண்டு குனிந்திருக்கும் பெண்ணும் ஒரு குழந்தையும் அமர்ந்திருக்கும் படகில் ஆறு வாள்கள் நட்டு வைக்கப்பட்டிருக்கும் படம் அது. அந்த அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் மனத்தளவில் ஏற்கெனவே கிளம்பிவிட்டேன் போலிருக்கிறது" என்றார். இரண்டாமிடத்தில் நான்கு நாணயங்கள்: ஒரு நாணயத்தைத் தலையில் தாங்கி, ஒன்றை மார்போடு இறுக்கி, இரண்டைக் காலடியில் மிதித்துக்கொண்டு ஒருவன் அமர்ந்திருக்கிறான். நான் எதுவும் சொல்லுமுன்னே அவர் தம் சேமநிதிப் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். மகன் வீட்டுக்குப் போனால் அது கரைந்துவிடுமோ என்ற அச்சத்தை அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாமிடத்தில் வாள் அரசி, வலக்கையில் நிமிர்த்திய வாளும் நீட்டிய இடக்கையுமாக. பணத்தைப் பற்றி மகனிடம் ஒளிவுமறைவின்றிப் பேசுவது, பேசும்போது உறவுக்கான கையையும் நீட்டியே வைத்திருப்பது என்று அதைப் படித்தோம்.

இதே மூன்று அட்டைகளை அவர் 'இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம்' என்ற வழக்கமான விரிப்பில் எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். படகு, கணவரை இழந்த பழைய துயரத்தைக் குறித்திருக்கும். நாணயக்காரன் இன்றைய இறுக்கத்தைக் குறித்திருப்பான். வாள் அரசியோ வரப்போகும் கூர்நாக்குப் பெண்ணாகத் தோன்றி, அந்த அம்மா மருமகளை நினைத்து அஞ்சிக்கொண்டே வீடு திரும்பியிருப்பார். அட்டைகள் மாறவில்லை, இடத்தின் பெயர் மாறியதும் பொருள் முழுவதும் மாறிவிட்டது. ஆகவே நீங்கள் ஒரு மாதத்திற்கு நாள்தோறும் காலையில் ஓர் அட்டை மட்டும் எடுத்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதன்பின் மூன்று இடங்களுக்குச் செல்லுங்கள். அந்த மூன்று இடங்களின் பெயர்களையும் உங்கள் சொற்களில் நீங்களே எழுத வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: மகன் எஸ்பிஎம் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான். 'தேர்ச்சி பெறுவானா, மாட்டானா' என்பதற்கு எந்த விரிப்பு ஏற்றது?

பதில்: எந்த விரிப்பும் ஏற்றதன்று, தம்பி. விடைத்தாள் கையைவிட்டுப் போன பிறகு, ஆம் அல்லது இல்லை என்ற கேள்விக்கு வரும் அட்டை உங்கள் பதற்றத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. 'காத்திருக்கும் இந்த நாள்களில் அவனுக்கு என்னிடமிருந்து என்ன தேவை' என்று கேட்டு ஓர் அட்டை எடுங்கள். கணவரின் நெஞ்சுவலிக்கு விரிப்புக் கேட்டு எழுதிய மற்றொரு வாசகிக்கும் இங்கேயே சொல்கிறேன்: அட்டையைக் கட்டிவைத்துவிட்டு இன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகக் கெல்டிக் கிராஸ் விரித்து வருகிறேன். மூன்று முதல் ஆறு வரையிலான அட்டைகளை வைக்கும் வரிசை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. எது சரி? பத்தையும் எப்படித் தொடர்புபடுத்துவது?

பதில்: வெயிட் எழுதிய வரிசையையே நான் பின்பற்றுகிறேன். கேட்பவரைக் குறிக்கும் ஓர் அட்டையை நடுவில் வைத்து, அதை மூடியவாறு முதல் அட்டை, அதன் குறுக்கே கிடையாக இரண்டாவது, மேலே மூன்றாவது, கீழே நான்காவது, பின்னால் ஐந்தாவது, முன்னால் ஆறாவது. பிறகு வலப்புறத்தில் கீழிருந்து மேலாக ஏழு முதல் பத்து வரை. 'பின்', 'முன்' என்பவை நடு அட்டையில் உள்ள உருவம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தவை. அவர் பார்க்கும் திசையே முன். பின்வந்தவர்கள் பலர் நடு அட்டையைக் கைவிட்டபோது இந்த இட வலக் குறிப்பும் கைநழுவியது, ஆளுக்கொரு வரிசை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. நீங்கள் எந்த வரிசையைக் கொண்டாலும் கேடில்லை. ஒன்றைக் கொண்டபின் அதை மாற்றாமல் இருப்பதே முக்கியம்.

தொடர்புபடுத்துவதற்கு, ஒன்று முதல் பத்து வரை பெருக்கல் வாய்பாடு போல ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு, இணை இணையாகப் பாருங்கள். முதலும் இரண்டும் விவகாரமும் அதன் குறுக்கீடும். குறுக்கே கிடக்கும் அட்டைக்கு நேர், தலைகீழ் என்ற பேதம் பார்ப்பதில்லை. அது நல்ல அட்டையாக இருந்தால் தடை கடுமையானதன்று. மேலே உள்ள மூன்றாவது, கேட்பவர் எட்ட விரும்புவது. கீழே உள்ள நான்காவது, அவர் ஏற்கெனவே தனதாக்கிக்கொண்ட அடித்தளம். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள தொலைவுதான் பெரும்பாலும் அவருடைய மனவேதனை. ஐந்து கழிந்துபோவது, ஆறு வந்துகொண்டிருப்பது. ஏழு அவரே; எட்டாவது அவருடைய 'வீடு', அதாவது குடும்பமும் சுற்றமும். நம்மவருக்கு விரிக்கும்போது இந்த எட்டாமிடத்தில் கூடுதலாக நிற்பேன், ஏனெனில் திருமணமோ வேலையோ எதுவானாலும் நம் வீடுகளில் ஒருவர் தனித்து முடிவெடுப்பது அரிது.

ஒன்பதாமிடம் நம்பிக்கையையும் அச்சத்தையும் ஒருங்கே குறிப்பதால் பலர் தடுமாறுகிறார்கள். அங்கே விழுந்த அட்டையைக் காட்டி, "இதை விரும்புகிறீர்களா, அஞ்சுகிறீர்களா" என்று கேட்பவரிடமே கேட்டுவிடுங்கள். மகளின் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிக் கேட்ட ஒரு தாய், "இரண்டும்தான்" என்று சொல்லிக் கண்கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகே முடிவைக் குறிக்கும் பத்தாவது அட்டைக்குச் செல்லுங்கள். அதை ஒன்பதோடும், மேலே உள்ள மூன்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: இரவுச் சந்தை அருகே அட்டை பார்க்கும் ஒருவரிடம் போனேன். முடிவுக்குரிய இடத்தில் 'மரணம்' அட்டை விழுந்தது. வீட்டில் ஓர் உயிர் போகும் என்றும், 300 வெள்ளி கொடுத்தால் பரிகாரம் செய்து வேறு அட்டை வரவழைக்கலாம் என்றும் சொன்னார். பணம் கொடுத்துவிட்டேன். மீண்டும் விரித்தபோது நல்ல அட்டை வந்தது. ஆனாலும் உறக்கமில்லை.

பதில்: அம்மா, உங்கள் கடிதம் என்னைக் கோபப்படுத்தியது, அந்தக் கோபம் உங்கள்மேல் அன்று. 78 அட்டைகளில் 13ஆம் எண் கொண்ட அந்த அட்டையை ஒருமுறை நெருக்கமாகப் பாருங்கள். கவசம் பூண்ட எலும்புருவம் வெள்ளைக் குதிரையில் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அதே படத்தின் பின்புறத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கதிரவன் நிற்கிறது. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதையே இன்று டாரட் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அதில் காண்கிறார்கள். ஓர் உயிரின் முடிவை எந்த இடத்தில் விழுந்த எந்த அட்டையைக் கொண்டும் சொல்ல முடியாது. அட்டைக்குப் பரிகாரம் என்ற ஒன்றும் கிடையாது. கட்டைக் கலைத்து மீண்டும் விரித்தால் வேறு அட்டை வருவது இயல்பு. அதற்கு 300 வெள்ளி தேவையில்லை.

நல்ல அட்டை வரும்வரை அதே கேள்விக்குத் திரும்பத் திரும்ப விரிக்கும் பழக்கமும் இதனோடு சேர்ந்தே விடப்பட வேண்டியது. கிளி ஜோசியக்காரரிடம் அமர்ந்திருக்கும்போது, கிளி எடுத்துப் போட்ட அட்டை பிடிக்கவில்லை என்று இன்னொன்று கேட்டவரை நான் கண்டதில்லை. அந்த ஒழுங்கு நமக்கு வழிவழியாகத் தெரிந்ததே. பத்தாவது அட்டை தெளிவில்லாமல் இருந்தால், அதையே நடுவில் வைத்து மறுபடி விரிக்கலாம் என்று வெயிட் இடம் தருகிறார். ஆனால் அது விட்ட இடத்திலிருந்து மேலே செல்வது. முதல் விடையை அழிப்பதன்று. சூழ்நிலை ஏதும் மாறாதவரை, ஒரே கேள்வியை ஒரு மாதத்திற்குள் இருமுறை விரிப்பதில்லை என்பது என் வழக்கம்.

கேள்வி: எனக்கு ஜாதகக் கட்டம் ஓரளவு தெரியும். பன்னிரண்டு அட்டைகளை ராசிக் கட்டம் போல வைத்துப் படிக்கலாமா?

பதில்: பன்னிரண்டு வீட்டு விரிப்பு என்றே ஒன்று இருக்கிறது, ஐயா. மேலைநாட்டு ஜாதகச் சக்கரத்தைப் பின்பற்றி இடப்புறத்தில் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டமாக வைப்பார்கள். நம் தென்னிந்தியக் கட்டம் சதுரமானது, வலஞ்சுழியாகச் செல்வது, அதில் ராசிகளின் இடம் நிலையானது; லக்னம் எங்கே விழுகிறதோ அங்கிருந்து வீடுகளை எண்ணுகிறோம். அட்டைக்கு லக்னம் இல்லாததால் முதல் அட்டையே முதல் வீடு. இரண்டு தனம், நான்கு இல்லம், ஏழு துணை, பத்து தொழில் என்னும் அளவில் உங்கள் அறிவு அப்படியே பயன்படும். கிரகப் பார்வை, திசாபுத்தி ஆகியவற்றை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டாம். இது ஒற்றைக் கேள்விக்குரிய விரிப்பன்று. சித்திரை பிறக்கும்போதோ பிறந்தநாளிலோ, ஆண்டுக்கு ஒருமுறை விரித்துக் குறித்து வைத்துக்கொள்ளத் தக்கது.

கேள்வி: எங்களுடையது பழைய லயத்து வீடு. பத்து அட்டை விரிக்கும் அளவுக்கு மேசை இல்லை. தரையில் விரித்தால் குற்றமா?

பதில்: குற்றமே இல்லை, அம்மா. வழக்கமான அட்டை ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் நீளமும் உடையது. பத்து அட்டைக் குறுக்கு விரிப்புக்கு இரண்டடிச் சதுரத் துணி போதும். கூட்டிய தரையில் பாயைப் போட்டு, அதன்மேல் வழுக்காத பருத்தித் துணியை விரித்து அமருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லையேல் நான்காவது அட்டை வைப்பதற்குள் முதல் அட்டை கவிழ்ந்து, நேராக விழுந்ததா தலைகீழாக விழுந்ததா என்ற ஐயம் வந்துவிடும். மழைக்காலத்தில் ஈரப்பதத்தால் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டிரண்டாக வரும். கையை உலரத் துடைத்துக்கொண்டு, கலைப்பதற்கு முன் 78 அட்டைகளையும் ஒருமுறை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரித்துவிட்டால் அந்தத் தொல்லை இராது.